ஆறு விநாடி

மூக்கில் கிளிப் மாட்டி
அட்டைக் குழாயை உதட்டுக்குள் பொருத்தி
"ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று
ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கத்துவது என் வேலை.
மெர்பேங்க் கிளினிக்கில்
மருந்துக் கவுண்டருக்குப் பின்னால், ஜன்னலில்லாத அறை.
ஆறு விநாடி காற்று. அதற்குமேல் கேட்பதில்லை.
இயந்திரம் ஒரு கோடு வரையும்.
விறுவிறுவென ஏறி நேராகச் சரிந்தால் நல்லது.
சரிவு குழிந்து தொய்ந்தால்,
நாய் படுத்தெழுந்த மெத்தை மாதிரி,
முகத்தை மாற்றாமல் அடுத்த தாளை எடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை பூபாலன் மூட்லி.
வயது நாற்பத்து மூன்று. கணக்கு வாத்தியார்.
சிகரெட்? ஒருநாளும் இல்லை.
மாடிப்படி? பாதியில் நின்று
செருப்பைச் சரிசெய்வதுபோல் நடிப்பாராம்.
ஊதினார். கழுத்து நரம்பு புடைக்க ஊதினார்.
ஐம்பத்தெட்டு சதவீதம்.

கூட வந்த தயாளன் இரட்டையில் இளையவர்.
ஏழு நிமிட வித்தியாசம்,
இருவருக்கும் ஒரே இடத்தில் வழுக்கை.
"நான் தூக்கிக் கொடுக்கப்பட்ட பிள்ளை, சிஸ்டர்" என்றார்,
கைகுலுக்குவதுபோல, முதல் வாக்கியமாக.
நாற்பதாம் நாள்,
அம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சல் இறங்காதபோது,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து சித்தி வந்தாள்.
ஒன்றைத்தான் அவளால் பார்க்கமுடியும்.
அழுகிற பிள்ளையை அம்மா விடவில்லை.
அழாதவன் எங்கேயும் பிழைப்பான் என்றாளாம்.

பூபாலன் வளர்ந்த வீட்டில் இரவு விளக்கு வாங்கியதில்லை.
சுத்திகரிப்பு ஆலையின் தீ
சுவரில் ஆரஞ்சாக ஆடிக்கொண்டிருக்கும்.
அம்மா அணையாடையை இரண்டுமுறை அலசுவாள்,
கொடியில் காய்வதற்குள் கரும்புள்ளி விழும்,
மூன்றாம் முறை அலசுவாள்.
காற்று கடலிலிருந்து திரும்பினால்
ஜன்னலிடுக்கில் ஈரத்துண்டு.
ஒன்றாம் வகுப்பு டீச்சரின் மேசை இழுப்பறையில்
பெயர் ஒட்டிய பம்புகள் பதினொன்று.
"இவன் பம்பு நீலம்" என்றார் தயாளன்.
"தீபாவளிக்கு வரும்போது திருடி ஒளித்துவைப்பேன்.
ராத்திரியெல்லாம் அம்மா இவனுக்கு முதுகு தேய்ப்பாள்.
எனக்கு யாரும் தேய்த்ததில்லை."
கொஞ்சம் நிறுத்தி, "தேவைப்படவில்லை" என்றார்.

நுரையீரல் அறை கட்டுகிற வயசு ஒன்று இருக்கிறது.
பால்பல் விழுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் வேலை.
பிறகு வெள்ளையடிக்கலாம், ஒட்டடை தட்டலாம்.
இதை நான் சொல்லவில்லை.
வாத்தியார், தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் ஊதிப் பார்க்கட்டுமா?"
விளையாட்டாகத்தான் கேட்டார் தயாளன்.
புதுக் குழாய் மாட்டினேன்.
நூற்று நான்கு.

பூபாலன் திரையைப் பார்த்தார்.
"ரொம்பக் கொடுத்துவைத்தவன்டா நீ" என்றார்.
சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.
தயாளன் சிரிக்கவில்லை.
நாற்பத்து மூன்று வருஷமாக
பையில் சுமந்த ஒரு கல்லை
எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல்
கையை விரித்து மூடினார்.

வெளியே பெஞ்சில் அம்மா,
மடியில் ஃபிளாஸ்க்.
கதவுப்பக்கம் இரண்டுமுறை எட்டிப்பார்த்தாயிற்று.

"சிஸ்டர், இன்னொரு தடவை" என்றார் தயாளன்.
இந்தமுறை நெஞ்சை நிரப்பாமல்,
குழாயோரம் காற்றைக் கசியவிட்டு,
மூன்றாம் விநாடியில் நிறுத்தினார்.
'முயற்சி போதாது' என்றது இயந்திரம்.
அதையே அச்சிடச் சொன்னார்.

அம்மா உள்ளே வந்து
இரண்டு தாளையும் அருகருகே பிடித்தாள்.
எழுத்து படிக்கத் தெரியாது, கோடு தெரியும்.
இரண்டும் தொய்ந்திருந்தன.
"எங்கப்பாவுக்கும் இழுப்புதான்" என்றாள்,
"நம்ம ரத்தம் அப்படி."
இரண்டு முதுகையும் ஒருமுறை தேய்த்தாள்,
முதலில் இளையவனை.

நூற்று நான்கை நான் அழிக்கவில்லை.
அச்சிடவுமில்லை.

அடுத்து வந்தவள் இடுப்பில்
எட்டுமாதக் குழந்தை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
ஆலைக்கு எதிர்த்தெருவாம்.
"இவளைச் சோதிக்க முடியுமா?"
குழந்தை அட்டைக் குழாயைப் பிடுங்கிக் கடித்தது.
ஊதத் தெரியவேண்டும், அம்மா என்றேன்.
அஞ்சு வயசாகட்டும், கொண்டுவாங்க.